அந்தமானில் எட்டு நாள்: ஓய்வும் வேண்டும், சாகசமும் வேண்டும் என்பவர்களுக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கோவையிலிருந்து கணவன் மனைவி இருவர், முப்பதுகளில் வயது, பிப்ரவரியில் எட்டு நாள் லீவு. உங்களுக்குக் கடலில் ஏதாவது துணிச்சலாகச் செய்ய வேண்டும். வீட்டம்மாவுக்கு நீச்சல் தெரியாது. மர நிழலும் ஒரு புத்தகமும் இருந்தால் போதும் என்கிறார். மாலத்தீவா, லட்சத்தீவா, அந்தமானா? சென்னையிலிருந்து கப்பலில் போகலாமா? டிராவல்ஸ்காரர் தந்த 'ஆறு நாளில் ஒன்பது இடம்' திட்டம் சரிதானா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் வேண்டாம். அதில் நீங்கள் கடலில் இருக்கும் நேரத்தைவிட ஜெட்டியில் பெட்டியோடு வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். தீவுப் பயணத்தில் ஓய்வைக் கெடுப்பது சாகசம் அல்ல, இடம் மாறிக்கொண்டே இருப்பது. ஒரே தீவில் நான்கைந்து நாள் தங்கி, காலையில் கடலுக்குள் போய்விட்டு மதியம் திரும்பிவிட்டால் உங்கள் இரண்டு பேருடைய ஆசையும் நடக்கும். நான் சில சீசன்கள் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் டைவ் படகுகளில் வேலை பார்த்தவன். அதனால் என் பதில் கொஞ்சம் கடலுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் எது என்ற கேள்வி. மாலத்தீவு அழகுதான், ஆனால் அங்கே எல்லாம் டாலர் கணக்கு. தட்டையான மணல் தீவுகள், காடு மலை கிடையாது. ரிசார்ட்டை விட்டு வெளியே நடந்தால் பத்து நிமிடத்தில் தீவு முடிந்துவிடும். லட்சத்தீவின் காயல்கள் மாதிரி அமைதியான நீலத் தண்ணீரை இந்தியாவில் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து போகும் அரசுக் கப்பல் திட்டங்கள் சிலவற்றில் பகலில் தீவு, இரவில் மறுபடி கப்பல் என்று போகும். மாதக்கணக்கில் முன்னதாகத் திட்டம் போடும் பொறுமை இருந்தால் இன்னொரு வருடம் அதைச் செய்யுங்கள். இந்தப் பிப்ரவரிக்கு அந்தமான்.

லட்சத்தீவு பவளப்பாறையின் மேல் உருவானது. அந்தமான் அப்படியல்ல. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அதன் உச்சிகள் மட்டும் வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் அங்கே கடற்கரை என்றால் வெறும் மணலும் தென்னையும் இல்லை. ஓங்கி வளர்ந்த மழைக்காடு மணல் வரை வந்து நிற்கும். கடலில் குளித்துவிட்டு இருபது அடி நடந்தால் அடர்ந்த நிழல். வீட்டம்மா கேட்கும் மரம் இங்கே இருக்கிறது. அப்புறம், வரைபடத்தில் கடலூரிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது கிட்டத்தட்ட போர்ட் பிளேரில் போய் முட்டும். வெயில் நமக்குப் பழகிய வெயில்தான். சூரியன் மட்டும் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னால் எழுந்து, முன்னால் மறைந்துவிடும். கடிகாரமோ அதே இந்திய நேரம். ஐந்தேகால், ஐந்தரை மணிக்குள் இருட்டத் தொடங்கும் என்பதை மனதில் வைத்துத்தான் அங்கே எதையும் திட்டமிட வேண்டும்.

பெயர்களில் ஒரு குழப்பம் வரும், அதையும் தீர்த்துக்கொள்ளலாம். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர் வைத்தார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர் சொல்வார். இரண்டும் ஒன்றுதான். நான் பழக்கதோஷத்தில் பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

உங்கள் எட்டு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். சென்னையிலிருந்து காலை விமானம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கியதும் ஊரைச் சுற்றாமல் அன்று மதியப் படகிலேயே ஹேவ்லாக் போய்விடுங்கள். அங்கே நான்கு இரவு. பிறகு நீல் தீவில் இரண்டு இரவு. கடைசி இரவு போர்ட் பிளேர், மறுநாள் விமானம். செல்லுலார் சிறையை முதல் நாள் பார்க்கச் சொல்வார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, டைவிங்கைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

ஹேவ்லாக் சுமார் 92 சதுர கிலோமீட்டர், பாதிக்கு மேல் காடு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகளை 1950களில் இங்கே குடியமர்த்தினார்கள். ஊர்ப் பெயர்கள் கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ணா நகர், ஷியாம் நகர் என்று ஒரே கண்ணன் மயமாக இருப்பது அதனால்தான். பேச்சு வங்காளம், இந்தி எல்லோருக்கும் தெரியும். கடற்கரைகளுக்கு நம்பர் உண்டு. மூன்றாம் நம்பர் கோவிந்த நகர், ஐந்தாம் நம்பர் விஜய நகர், ஏழாம் நம்பர் ராதா நகர். தங்குமிடங்களும் டைவ் கடைகளும் பெரும்பாலும் கிழக்குக் கரையில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில். நீங்கள் அங்கேயே தங்குங்கள். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், தீவில் இருப்பதே இரண்டு முக்கியமான ரோடுதான், வழி தவற முடியாது.

தங்கும் இடத்தைப் படம் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது ஓதத்தில். கிழக்குக் கரை ஆழமில்லாதது. நீர் வற்றும்போது, முக்கியமாக அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, கடல் வெகு தூரம் உள்ளே போய்விடும்; செத்த பவளமும் பாறையும் சேறும் வெளியே தெரியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் நீலமாக இருந்த கடல் மதியம் காணோம் என்று ரிசப்ஷனில் வந்து சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நீந்த ஏற்ற நேரத்தைக் கேட்டுப் போக வேண்டும். ஓதம் எப்படி இருந்தாலும் குளிக்க ஏற்ற கரை மேற்கில் இருக்கும் ராதா நகர்தான்.

சரி, டைவிங். உங்கள் கேள்வியில் 'ஸ்கூபா ஒரு தடவை முயற்சி பண்ணலாமா' என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என் பதில்: ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். உங்களிடம் ஹேவ்லாக்கில் முழுதாக மூன்று நாள் இருக்கிறது, பாடத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தால் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் கோர்ஸை அதற்குள் முடித்துவிடலாம். கோர்ஸுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும், உலகத்தில் எங்கே போனாலும் 18 மீட்டர் ஆழம் வரை இறங்க உரிமை தரும். ஜெட்ஸ்கி, பனானா ரைடு என்று கணக்கில்லாமல் செலவழிப்பதைவிட இது பல மடங்கு மேல்.

கோர்ஸில் என்ன இருக்கும்? பாடத்தை ஆன்லைனில் படிக்க விடுவார்கள், அதைக் கோவையிலேயே முடித்துக்கொண்டு வந்தால் தீவில் ஒரு நாள் மிச்சம். முதல் நாள் இடுப்பு, மார்பளவுத் தண்ணீரில் பயிற்சி. அங்கேதான் பெரும்பாலானவர்களுக்கு முதல் உதறல் வரும். மாஸ்க் பயிற்சி என்று ஒன்று உண்டு. மணலில் மண்டியிட்டு உட்கார வைத்து, மாஸ்க்கை லேசாகத் திறந்து தண்ணீரை உள்ளே விடச் சொல்வார்கள். கண்ணும் மூக்கும் உப்புத் தண்ணீரில் இருக்கும். வாயில், சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் இருக்கும். உடம்பு அந்த நேரத்தில் மூக்கால் மூச்சு இழுக்கத்தான் துடிக்கும். இழுத்தால் புரையேறும். செய்ய வேண்டியது, மாஸ்க்கின் மேல் விளிம்பை இரண்டு விரலால் நெற்றியோடு அழுத்தி, கொஞ்சம் மேலே பார்த்து, மூக்கால் நிதானமாக மூச்சை வெளியே விடுவது. உள்ளே போகும் காற்று தண்ணீரைக் கீழ் விளிம்பு வழியாகத் தள்ளிவிடும். இரண்டு மூச்சில் மாஸ்க் காலி. முதல் முறை வராது, மூன்றாவது முறை வந்துவிடும். அது வந்தபிறகு ஆளே மாறிவிடுவார். மூச்சு சீராகும், தோள் தளரும். நல்ல இன்ஸ்ட்ரக்டர் இந்த இடத்தில் அவசரப்படுத்த மாட்டார். அவசரப்படுத்தினால் கடையை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாம் மேலே உணர்வதைப்போல இரண்டு மடங்கு. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு முதல் சில மீட்டரிலேயே உங்கள் செவிப்பறைக்குத் தெரிந்துவிடும். விமானம் இறங்கும்போது செய்வது மாதிரி மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலித்தபிறகு அல்ல, வலிக்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும். வலித்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி ஊதலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது ஆபத்து. கீழே போனபிறகு மாத்திரையின் வேகம் குறைந்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகும் வேலை வேண்டாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மூச்சை எப்போதும் அடக்கக் கூடாது. கீழே அழுத்தமான காற்றை உள்ளே இழுத்துவிட்டு, அதை அடக்கியபடி மேலே வந்தால், அது நுரையீரலுக்குள் விரியும். மற்ற பிழைகளெல்லாம் சமாளிக்கக் கூடியவை. மேலே வரும்போது நிதானமாக வந்து, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறுவதை வழக்கமாகவே கற்றுத் தருவார்கள். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் பொறுமையாக வெளியேற அந்த நேரம்.

செல்லுலார் சிறையைக் கடைசிக்குத் தள்ளியதும் இந்த நைட்ரஜனால்தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. டைவ் முடித்த உடனே பறந்தால் மீதி நைட்ரஜன் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் வேலையைக் காட்டும். பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது பொதுவான விதி. பெரும்பாலான கடைகள் ஒரு முழு நாள் என்றே சொல்லும், நானும் அதையே சொல்வேன். நீல் தீவு, போர்ட் பிளேர் இரண்டையும் கடைசியில் வைத்தால் இந்த இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். டைவிங்கை முதலில் வைப்பதில் இன்னொரு லாபம்: காற்று வீசி ஒரு நாள் படகு போகாவிட்டால் கையில் மாற்று நாள் இருக்கும்.

ஒரு டைவ் நாள் எப்படி இருக்கும் என்று கேட்டால், காலை ஆறரை, ஏழு மணிக்குள் கடையில் இருக்க வேண்டும். சிலிண்டரும் ஜாக்கெட்டும் படகில் ஏற்றியிருப்பார்கள். படகு பெரும்பாலும் டுங்கி என்று அங்கே சொல்லும் மரப் படகு, டீசல் என்ஜின் தடதடக்கும். அரை மணி, ஒரு மணி நேரப் பயணம். இரண்டு டைவ், நடுவில் ஒரு மணி நேரம் படகிலேயே ஓய்வு, பிஸ்கட், பழம், டீ. மதியம் ஒரு மணிக்கெல்லாம் கரையில் இருப்பீர்கள். பிறகு செமப் பசி, செமத் தூக்கம். மீன் சாப்பாட்டை முடித்துவிட்டு ஹம்மாக்கில் விழுந்தால் நான்கு மணி வரை உலகம் தெரியாது. எந்த ஸ்பாவும் தராத ஓய்வு அது.

புதியவர்களை நெமோ ரீஃப், லைட்ஹவுஸ், அக்வேரியம், தி வால் மாதிரி இடங்களுக்குக் கூட்டிப்போவார்கள். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் எல்லாம் ஆழமானவை, நீரோட்டமும் இருக்கும், அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு கோர்ஸ் முடித்தவர்களுக்கு. மீன்களில் நமக்குப் பாதி தெரிந்த முகங்கள்தான். களவா பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும், ஷீலா கூட்டமாக நிற்கும், கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும், கணவாய் நிறம் மாற்றிக் காட்டும். தமிழ்நாட்டுக்காரர்கள் மேலே வந்ததும் முதலில் பேசுவது, எதைக் குழம்பு வைக்கலாம், எதை வறுக்கலாம் என்றுதான். ஆமையும் திருக்கையும் அதிர்ஷ்டம் இருந்தால்.

எதிர்பார்ப்பை ஒரு விஷயத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படத்தில் இருக்கும் சிவப்பும் ஆரஞ்சும் நேரில் தெரியாது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். பத்து மீட்டருக்குக் கீழே எல்லாம் நீலமும் சாம்பலுமாக இருக்கும். அந்தப் படங்கள் விளக்கு வைத்து எடுத்தவை. மேலும் 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. ஆழம் குறைந்த இடங்களில் அந்தச் சேதம் இன்னும் தெரியும். ஸ்நார்க்கெலிங் (குழாயால் மூச்சுவிட்டபடி மேலே மிதந்து பார்ப்பது) செய்துவிட்டு 'ஒன்றும் பிரமாதமில்லை' என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த மேல்மட்டத்தை மட்டும் பார்த்தவர்கள்.

வீட்டம்மாவுக்கு வருவோம். நீச்சல் தெரியாதவரும் அறிமுக டைவ் செய்யலாம். இன்ஸ்ட்ரக்டர் அவருடைய சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார், அதிகபட்சம் 12 மீட்டர், அவர் கையை அசைக்கக்கூட வேண்டியதில்லை. கோர்ஸுக்குத்தான் நீச்சல் தேவை: 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கு இல்லை, பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். உங்களுக்கே அது சந்தேகமாக இருந்தால் பிப்ரவரி வருவதற்குள் கோவையில் ஒரு நீச்சல் குளத்தில் மாதச் சந்தா கட்டிவிடுங்கள். அவருக்கு இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள். 'ஒரு தடவை முயற்சி பண்ணேன்' என்று கணவர் வற்புறுத்தி, மனைவி நீருக்குள் பதறி, அன்று மாலை முழுக்க இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சிகள் நிறைய.

அவருக்கு ராதா நகர் போதும். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். கரையை ஒட்டி நிற்கும் கடல் மஹுவா மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தால் உச்சி வெயிலிலும் புத்தகம் படிக்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டம் வந்து இறங்கும், எல்லோருக்கும் சூரியன் மறைவதைப் படம் எடுக்க வேண்டும். காலையில் போனால் கரை முழுவதும் உங்களுடையது. மரம் இழுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டு, பின்னாளில் கடலில் நீந்தி உலகப் புகழ் பெற்ற ராஜன் என்ற யானை வாழ்ந்ததும் இந்தத் தீவில்தான். 2016இல் இறந்துவிட்டது. இப்போதும் 'நீந்தும் யானை பார்க்கலாம்' என்று யாராவது திட்டத்தில் எழுதியிருந்தால் அவர் நெடுநாளாகத் தீவுப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம்.

எலிஃபன்ட் பீச்சுக்குப் படகிலும் போகலாம், காட்டு வழியாக அரை மணி, முக்கால் மணி நேரம் நடந்தும் போகலாம். நடை நல்லது, மழை பெய்திருந்தால் சேறு, செருப்புப் போட்டு வராதீர்கள். போய்ச் சேரும் கடற்கரை மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஒரே ஜெட்ஸ்கி இரைச்சல். அதைவிட ராத்திரியில் கயாக் போங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில், நிலா இல்லாதபோது, அலையாத்திக் காட்டுப் பக்கம் துடுப்புப் போட்டால், துடுப்பு படும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் அசைவு பட்டதும் ஒளிவிடுவதால் வருவது. ஒவ்வொரு இரவும் ஒரே அளவில் இருக்காது. நிலா நாட்காட்டியைப் பார்த்து டிக்கெட் போட முடிந்தால் போடுங்கள்.

நீல் தீவு சின்னது, சைக்கிளே போதும். வயலும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும், போர்ட் பிளேருக்குக் காய்கறி போவதும் இங்கிருந்துதான். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று இங்கே ராமாயணப் பெயர்கள். லட்சுமண்பூரில் கல் பாலம் மாதிரி நிற்கும் பாறையை நீர் வற்றும்போது மட்டும்தான் நடந்துபோய்ப் பார்க்க முடியும். குட்டைகளில் தங்கிப்போன கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், குட்டி நண்டு எல்லாம் இருக்கும். அவற்றைக் கையில் எடுத்துக் காட்டுவதற்குக் காசு கேட்கும் வழிகாட்டிகளை ஊக்குவிக்க வேண்டாம். இங்கே இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

படகு விஷயம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் நடுவே தனியார் வேகப் படகுகளும் அரசுப் படகுகளும் ஓடுகின்றன. தனியார் படகு ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், ஏசி, மூடிய கண்ணாடி. அரசுப் படகு இரண்டரை மணி நேரம், விலை மிகக் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கலாம். வாந்தி வரும் உடம்புக்கு மூடிய ஏசிப் படகைவிட அரசுப் படகின் திறந்த தளம்தான் நல்லது. மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபிறகு போட்டுப் பயனில்லை. திரும்பும் விமானம் இருக்கும் நாளன்று காலையில் படகு என்று மட்டும் வைத்துக்கொள்ளவே வேண்டாம். காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகச் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே காற்றழுத்தத் தாழ்வால், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டுவந்தன. பிப்ரவரியில் கடல் பொதுவாக அமைதி. அதிலிருந்து ஏப்ரல் வரைதான் தண்ணீர் தெளிவாக இருக்கும் காலம்.

சென்னைக் கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். பங்க் வகுப்பு மலிவு, நூறு பேர் ஒரே கூடத்தில் அடுக்குப் படுக்கை; கேபின் என்றால் கதவும் கழிப்பறையும் உங்களுக்கென்று இருக்கும். இது சொகுசுக் கப்பல் இல்லை. தீவுக்குத் திரும்பும் குடும்பங்கள், வேலைக்குப் போகும் ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், அவர்கள் மூட்டைகள் என்று ஒரு நீண்ட தூர ரயிலின் வாசம்தான். இரண்டாம் நாள் கைப்பேசியில் ஒரு புள்ளி சிக்னல் இருக்காது. தளத்தில் நின்றால் கோலா மீன்கள் கப்பலின் பக்கவாட்டில் எழும்பிப் பறப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், சில நேரம் ஓங்கில் (டால்பின்) கூட்டமும் வரும். எனக்குப் பிடிக்கும். ஆனால் மாதத்தில் சில முறைதான் கப்பல், அதன் தேதியும் கிட்டத்தில்தான் உறுதியாகும், அதுவும் தள்ளிப்போகும். எட்டு நாள் லீவில் இரண்டு பக்கமும் கப்பல் என்றால் தீவில் இருக்க நாளே இல்லை. வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் ஒரு மாதம் வாய்த்தால் ஒரு வழி கப்பலில் போய் விமானத்தில் திரும்புங்கள்.

டிராவல்ஸ்காரரின் பட்டியலில் நான் அடித்துவிடச் சொல்வது பாராடாங். சுண்ணாம்புக் குகையும் அலையாத்திக் கால்வாயில் படகுப் பயணமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்துப் போலீஸ் காவலோடு விடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுப்பது குற்றம். அப்படியும் ஜன்னல் வழியாக மனிதர்களைத் தேடும் கண்கள்தான் வண்டிக்குள் அதிகம். சில நூறு பேர் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு மக்களின் வீட்டு வாசல் வழியாகப் போய்வருவதற்கு ஒரு குகை போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்து பேரன் (Barren) தீவு. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். பல தலைமுறை தூங்கிவிட்டு 1991இல் மறுபடி புகைந்தது. கரையிறங்க அனுமதியில்லை, கடலில் இருந்தே பார்க்கலாம். நீண்ட கடல் பயணம், உங்கள் லீவுக்கு ஒத்துவராது. நிக்கோபார் பொதுவாகச் சுற்றுலாவுக்கான இடம் இல்லை.

இரண்டாம் முறை போகிறவர்களுக்கு, இன்னும் துணிச்சல் வேண்டும் என்பவர்களுக்கு, லிட்டில் அந்தமான். போர்ட் பிளேரிலிருந்து இரவுக் கப்பல், ஹட்பே துறையில் விடியும். பட்லர் பேயில் அலைச்சறுக்கு. நாட்டிலேயே நல்ல அலைகள் எழும் இடங்களில் அதுவும் ஒன்று. வசதிகள் குறைவு. வடக்கே திக்லிபூர் போனால் அந்தமானின் உச்சியான சேடில் பீக், சுமார் 730 மீட்டர் ஏற்றம். பக்கத்தில் காலிபூர் கடற்கரையில் குளிர்காலத்தில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று நான்கு வகையும் முட்டையிட வரும்.

முதலையைப் பற்றி டிராவல்ஸ்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு, அது கடலிலும் நீந்தும். 2010இல் ராதா நகரை அடுத்த ஒரு சிறு குடாவில் ஸ்நார்க்கெலிங் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். பயந்து கடலுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டை ஒட்டிய நீர், அந்தி நேரம், தண்ணீரில் இறங்குவதற்கு இந்த மூன்றையும் தவிர்க்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால்கூட நனைக்கக் கூடாது. நடைமுறையில் உங்களைத் தினமும் படுத்தப்போவது முதலை இல்லை, மணல் ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, மாலையில் மணலில் நேராகப் படுத்தால் கடித்துவைக்கும், ஒரு வாரம் சொறிய வேண்டியிருக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பாய் விரித்து உட்காருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தீவுகளில் வங்காளி மீன் சாப்பாடு, கடுகெண்ணெய் வாசம் பிடிக்காவிட்டால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளம். இட்லி கிடைக்கும், வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதைப் பார்த்தால் நம்மூர் என்றே தோன்றும். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டபிறகு இணையமும் முன்போல மோசமில்லை. ஆனால் ஹேவ்லாக்கில் ஏடிஎம் ஒன்றிரண்டுதான், பணம் தீர்ந்துபோவதும் உண்டு. போர்ட் பிளேரிலேயே ரொக்கம் எடுத்து வையுங்கள். சன்ஸ்க்ரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. அது உங்களையும் காப்பாற்றும், பவளத்தையும் கெடுக்காது. கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சங்கு எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும், வனவிலங்குச் சட்டத்தின்கீழ் வழக்காகவும் ஆகலாம்.

பதிவு செய்யும் வரிசை: முதலில் விமானம், உடனே படகு, அப்புறம் டைவ் கடை, கடைசியில் அறை. பிப்ரவரியில் அறை எப்படியும் ஏதாவது கிடைத்துவிடும். படகு இருக்கையும், ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு நான்கு பேருக்கு மேல் சேர்க்காத கடையும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கடைக்கு எழுதும்போது உங்கள் வயது, நீச்சல், மருத்துவ விவரம், திரும்பும் விமானத்தின் நேரம் நான்கையும் முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி விவரத்தை நீங்கள் சொல்லும் முன்பே அவர்களாகவே கேட்டார்கள் என்றால் கடையை நம்பலாம்.